மதுவும் கல்லீரலும்

மல்லேஸ்வரத்தில் பல்லாண்டு வாழ்ந்த அன்பர்களுக்குப் 'பஞ்சவடி' என்னும் இல்லத்தை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவில் புகழெய்தி, 1933-ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்து, இவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்ட சர் சி. வி. இராமன் அவர்களின் இல்லம் அது. 1930-இல் நோபெல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்றிருந்தபோது, அவர் தாம் கண்ட ஒளிவிளைவை ஆல்கஹாலைக் கொண்டு செய்து காட்டினார் என்றும், அதன்பின் விருந்தில் மதுக் கிண்ணம் நீட்டப்பெற்றபோது, ஆல்கஹாலில் இராமன் விளைவைக் கண்டீர்கள், இராமனிடத்தில் ஆல்கஹாலின் விளைவைக் காண விழைய வேண்டா என்று நகைச்சுவையாகச் சொல்லி மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது.

இராமனிடத்தில் காணக் கிடைக்காத அவ்விளைவு, நம்மவர் பலரிடத்தில் எளிதாகக் காணக் கிடைக்கிறது. மல்லேஸ்வரத்திலும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஆலை வேலைக்கென அந்நாளில் வந்தவர்களின் வீடுகளும் உண்டு. கணிப்பொறித் தொழிலுக்கென இந்நாளில் வந்தவர்களின் வீடுகளும் உண்டு. இருவகை வீடுகளிலும் இந்நோய் புகுந்திருக்கிறது. இருவகை வீடுகளிலும் அதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. 'வாயுத் தொல்லை' என்பர். 'காமாலை கண்டிருக்கிறது' என்பர். 'இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றும் கூறுவர். மது கல்லீரலுக்குள் என்ன செய்கிறது என்பதை மூலக்கூறு அளவில் ஆராய்ந்தோர் அறிந்தவற்றையும், அதற்கு மருந்து உண்டா என்பதையும் மறைப்பின்றி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லீரல் வலப்புற விலா எலும்புகளின் கீழ் அமைந்துள்ளது. வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடையது. குடலிலிருந்து வரும் இரத்தம் உடலின் மற்றப் பகுதிகளுக்குச் செல்லுமுன் இதன் வழியாகவே சென்றாக வேண்டும். மாநில எல்லையில் உள்ள சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளலாம். உண்டவை, குடித்தவை, விழுங்கிய மாத்திரைகள் யாவும் அங்கே நிறுத்தப்பெற்று, பிரிக்கப்பெற்று, மாற்றப்பெற்றே உள்ளே விடப்படுகின்றன. ஆகவே, மதுவின் சுமையை முதன்மையாகத் தாங்குவதும் அதுவே.

சுமை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் முதலியவற்றில் ஆல்கஹாலின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு 42.8. 180 மில்லி கொண்ட ஒரு 'குவார்ட்டர்' புட்டியில் ஏறத்தாழ 61 கிராம் ஆல்கஹால் அடங்கியிருக்கிறது. 650 மில்லி பீர் புட்டியில், அஃது எளிய வகையாயின் 25 கிராமுக்குச் சற்று மேலும், 'ஸ்ட்ராங்' வகையாயின் 40 கிராம் வரையிலும் இருக்கும். சராசரி மனிதனின் உடல் ஒரு மணி நேரத்தில் அழிக்கக்கூடியது 7 கிராம் அளவே. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் அருந்தியவனின் கல்லீரல், மறுநாள் காலையில் அவன் காப்பி குடிக்கும்போதும் முன்னிரவின் கணக்கைத் தீர்த்துக்கொண்டேயிருக்கிறது. 'பீர் தானே, அது மதுவாகுமா?' என்று கேட்கும் இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பார்களாக.

இனி, உள்ளே நிகழ்வதைக் காண்போம். கல்லீரலின் உயிரணுக்களில் உள்ள ஒரு நொதி, ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாற்றுகிறது. இப்பொருள் ஆல்கஹாலைவிடக் கொடியது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுப்பது. மரபணுவையும் ஊறுபடுத்த வல்லது. இரண்டாவது நொதி ஒன்று விரைந்து வந்து இதனைக் காடியின் புளிப்புச் சத்தாகிய அசெட்டிக் அமில வகையாக மாற்றிவிடுகிறது. சீனம், ஜப்பான், கொரியா ஆகிய நாட்டு மக்களில் பலருக்குப் பிறப்பிலேயே இந்த இரண்டாம் நொதி வலிவற்றது. அவர்கள் ஒரு மிடறு குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடியை வெறுக்க நேர்கிறது. இயற்கை இட்ட அந்த வேலி நம் மக்களிடையே மிக அரிது.

இவ்விரு மாற்றங்களும் நிகழும்போது உயிரணுவின் எரிபொருட் கணக்கு தலைகீழாகிறது. கொழுப்பை எரிக்கும் வேலை தடைப்படுகிறது. புதுக் கொழுப்பு உருவாகும் வேலையோ ஊக்கம் பெறுகிறது. நாள்தோறும் 60 கிராமுக்கு மேல் ஆல்கஹால் அருந்துவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்துவிடுகிறது. மேலே கண்ட கணக்கின்படி 60 கிராம் என்பது ஒரு குவார்ட்டரே. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசியும் குறைவதில்லை. ஆயினும் இந்நிலையில் குடியை நிறுத்தினால், சில வாரங்களிலேயே கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

குடிப்பவர் நாளடைவில் மிகுதியாகக் குடித்தும் தள்ளாடாதிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 'அவருக்கு நல்ல தாங்குசக்தி' என்று நண்பர்கள் மெச்சுவர். இந்தத் தாங்குசக்தியின் ஒரு பங்கு மூளை பழகிப்போவதால் வருவது. மற்றொரு பங்கு கல்லீரலில் சைட்டோகுரோம் பி-450 என்னும் புரதக் குடும்பம் பெருகுவதால் வருவது. இக்குடும்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் நமக்கு அண்மையிலுள்ள ஓரிடத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பதினெட்டாம் குறுக்குத் தெருவைக் கடந்து சற்று நடந்தால் வரும் இந்திய அறிவியல் கழகமே அது. முதியோர் இன்றும் அதனை 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்குவர். அங்கே பல்லாண்டு உழைத்தவர் பேராசிரியர் கோ. பத்மநாபன் அவர்கள். 1938-இல் சென்னையில் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பெங்களூரிலும், வேதியியலைச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1966-இல் இக்கழகத்திலேயே உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, 1994 முதல் 1998 வரை அதன் இயக்குநராகவும் விளங்கினார். 2024-இல் நாட்டின் 'விஞ்ஞான ரத்னா' விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அவர் மதுவை நேராக ஆராய்ந்தவரல்லர். தூக்க மருந்து ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தால், அவற்றின் கல்லீரலில் பி-450 புரதம் ஏன் திடீரெனப் பெருகுகிறது, அதற்குரிய மரபணுவை எழுப்பிவிடுவது எது என்று ஆராய்ந்தார். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் 'ஹீம்' என்னும் மூலக்கூறு அம்மரபணுவை இயக்குவதில் பங்கு கொள்கிறது என்று அவருடைய குழுவினர் காட்டினர். இதே ஹீம் பற்றிய அறிவே பின்னாளில் அவரை மலேரியாக் கிருமியின் ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது என்பது தனிக்கதை. அதனை வேறொரு திங்களில் எழுதலாம். நமக்கு இங்கே வேண்டுவது ஒன்று: கல்லீரல் அசையாத சல்லடை அன்று, வந்து சேரும் பொருளுக்கேற்பத் தன் மரபணுக்களை எழுப்பியும் அடக்கியும் தன்னையே மாற்றியமைத்துக்கொள்ளும் உறுப்பு.

மதுவிலும் இதுவே நிகழ்கிறது. பி-450 குடும்பத்தின் ஓர் உறுப்பினராகிய '2-இ-1' என்னும் புரதம், நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரலில் பன்மடங்கு பெருகிவிடுகிறது. அஃது ஆல்கஹாலை விரைந்து எரிக்கிறது. ஆனால் எரிக்கும்போது தீப்பொறிகளைப் போன்ற ஆக்சிஜன் துணுக்குகளைச் சிதறவிடுகிறது. அவை உயிரணுவின் சுவரையே அரிக்கின்றன. நண்பர்கள் மெச்சிய தாங்குசக்தியின் விலை இதுதான். மற்றொன்றையும் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் வழங்கும் பாராசிட்டமால் மாத்திரையின் ஒரு பகுதியை நஞ்சாக மாற்றுவதும் இதே புரதமே. ஆகவே, நெடுநாள் குடிப்பவருக்கு அம்மாத்திரையை எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

'நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது' என்னும் வாதம் நம் வீடுகளில் மட்டும் வழங்குவதன்று; ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே அவ்வாறு நம்பினர். இன்சுலினைக் கண்டவர்களுள் ஒருவராகிய சார்லஸ் பெஸ்ட், 1949-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட எலி ஆராய்ச்சியில், ஈரலைக் கெடுப்பது ஆல்கஹாலின் தனி நஞ்சன்று, உணவுச் சத்தின் குறைவே என்னும் கருத்தை வலியுறுத்தினார். கால் நூற்றாண்டு கழித்து, பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய சார்லஸ் லீபர் என்னும் மருத்துவர் அதனைப் புரட்டிப் போட்டார். அவர் பபூன் என்னும் ஆப்பிரிக்கப் பெருங்குரங்குகளுக்கு (நம் நாடகமேடைக் கோமாளியை எண்ணிவிட வேண்டா) சத்துக் குறைவில்லாத உணவோடு மதுவையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்தார். உணவு சிறந்ததாக இருந்தும், அவற்றின் ஈரலில் முதலில் கொழுப்பும், பின்னர் அழற்சியும், சிலவற்றில் ஈரல் இறுக்கமும் தோன்றின. 1974-இல் இம்முடிவு வெளியாயிற்று. கோழி பிரியாணி ஈரலுக்குக் கவசமாகாது என்பதை மெய்ப்பிக்க ஐயா லீபருக்கு அத்தனை குரங்குகள் தேவைப்பட்டன! பட்டினியோடு குடிப்பவன் இன்னும் விரைவில் அழிவான் என்பது உண்மையே. ஆனால் உண்டு குடிப்பவன் தப்பினான் என்பது அதன் பொருளன்று.

ஈரல் இறுக்கம் என்றோம். மருத்துவர்கள் இதனைச் சிர்ரோசிஸ் என்பர். தோலில் வெட்டுக்காயம் ஆறியபின் தழும்பு எஞ்சுவதைப் போன்றதே இது. ஈரலில் விண்மீன் வடிவில் சில உயிரணுக்கள் உள்ளன. நல்ல நாளில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பவை. ஈரல் மீண்டும் மீண்டும் புண்படும்போது, அவை தம் சேமிப்பைக் கைவிட்டு, உருமாறி, கொலாஜன் என்னும் நாரை நூற்கத் தொடங்கிவிடுகின்றன. நார் பின்னிப் பின்னி, மென்மையான உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. இரத்தம் உட்புக வழியின்றித் தேங்குகிறது. வயிற்றில் நீர் கோத்தல், உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி எடுத்தல், அறிவு மயங்குதல் ஆகிய யாவும் இத்தேக்கத்தின் பின்விளைவுகளே.

இந்தக் கொலாஜனின் அமைப்பை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சி நம் சென்னையில் நிகழ்ந்தது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தா அவர்களும், கங்காருவின் வால் தசைநாணைக்கூட எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்து, கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1954, 1955-ஆம் ஆண்டுகளில் நிறுவினர். நம் பெண்டிர் மூன்று புரி எடுத்துச் சடை பின்னுவதை ஒருவாறு ஒப்பிடலாம். அவ்விராமச்சந்திரனே 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு வந்து, அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தோற்றுவித்தார். இன்று உலகெங்கும் ஈரல் தழும்பைக் கரைக்க மருந்து தேடுவோர் அவிழ்க்க முயல்வது அந்த மூன்று புரிக் கயிற்றைத்தான். குடியை விட்டபின் அக்கயிறு ஓரளவு தானே கரையவும் கூடும் என்று இப்போது தெரிய வந்துள்ளது. முன்பு அது மீளாதது என்றே பாடநூல்கள் கூறி வந்தன.

குடிப்பவர் அனைவருக்கும் இறுக்கம் வருகிறதா? இல்லை. மிகுதியாகக் குடிப்போரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கே அது வருகிறது. 'எங்கள் தாத்தா எண்பது வயதுவரை குடித்தார்' என்னும் பேச்சு இதனால்தான் எழுகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்னும் கேள்விக்கு மரபணு ஆராய்ச்சி ஒரு பங்கு விடை தந்துள்ளது. 2008-இல் கல்லீரற் கொழுப்போடு தொடர்புடையதென்று கண்டறியப்பட்ட 'பி.என்.பி.எல்.ஏ-3' என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்போருக்கு, மதுவால் வரும் இறுக்கமும் எளிதில் வருகிறது. நம் நாட்டு மக்களிடையிலும் இம்மாற்றம் உண்டு. பெண்களின் உடல் குறைந்த அளவு மதுவாலேயே கேடுறுகிறது. உடற்பருமனும் நீரிழிவும் உடையோர்க்கு இடர் மேலும் மிகும். தாத்தாவின் எழுத்து நமக்கு வந்ததா, பாட்டியின் எழுத்து வந்ததா என்று யார் பார்த்தார்கள்?

கள்ளச்சாராயத்தைப் பற்றியும் ஒரு சொல். 1981-இல் இந்தப் பெங்களூரில் முந்நூறுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் பலி கொண்டது மெத்தனால் என்னும் வேறொரு சாராயம். மேலே சொன்ன அதே முதல் நொதி தொடங்கிவைக்கும் மாற்றங்களால், மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் அமிலமாகிவிடுகிறது. அது சில மணி நேரத்தில் கொல்வது, செய்தித்தாளில் வருவது. அரசு முத்திரை ஒட்டிய புட்டி இருபது ஆண்டில் செய்வது செய்தியாவதில்லை. விலையுயர்ந்த புட்டியாயினும் ஈரலுக்குப் போய்ச் சேரும் ஆல்கஹால் ஒன்றே.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டா. தலைவருக்கு வயது நாற்பத்து நான்கு. கால் வீங்கிற்று, வயிறு உப்பிற்று. மருத்துவர் அவருடைய மனைவியாரைத் தனியே அழைத்து, "அம்மா, இவர் குடிப்பதுண்டா?" என்று கேட்டார். "ஐயோ, அந்தப் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாதுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மையார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சொல் வெளியே போய்விடுமோ என்னும் அச்சம். வேறு நோய்களைத் தேடும் சோதனைகளில் இரண்டு வாரம் கழிந்தது. பின்னர் ஓர் இரவு இரத்த வாந்தி எடுத்தபோது உண்மை தானே வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் மறைந்தார். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் துணிந்து கூறவில்லை. ஆனால் மருத்துவரிடம் மறைத்த அந்த ஒரு சொல்லை அம்மையார் இன்றும் நினைந்து அழுகிறார்.

மருத்துவருக்குத் தொடக்கத்திலேயே உண்மை தெரிந்தால் செய்யக்கூடியவை மிக எளியவை. இரத்தத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ஜி.ஜி.டி. என்னும் நொதிகளின் அளவையும், இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையையும் பார்ப்பர். வயிற்றை ஸ்கேன் செய்வர். ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதை ஊசியின்றி அளக்கும் 'ஃபைப்ரோஸ்கேன்' கருவியும் இப்போது பெருநகர்களில் உண்டு. மது ஈரலைத் தாக்கும்போது ஏ.எஸ்.டி. பெரும்பாலும் ஏ.எல்.டி.யைப் போல இருமடங்குக்கு மேல் காணப்படும். ஒன்று நினைவிருக்கட்டும்: இறுக்கம் வந்தபின்னும் சிலருக்கு இவ்வளவுகள் சரியாகவே தோன்றக்கூடும். தாளில் எண் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து மாலையில் கடைக்குச் செல்வோரை நாம் கண்டிருக்கிறோம்.

மருந்துக்கு வருவோம். அன்பர்கள் பலரும் ஆவலோடு கேட்பது இதுவே. விடையோ அவ்வளவு இனியதன்று. மதுவால் ஈரல் கடுமையாக அழன்று, கண் மஞ்சளித்து மருத்துவமனையில் கிடப்போருக்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலமாகக் கொடுத்து வருகின்றனர். பிரிட்டனில் 1,103 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இம்மருந்து முதல் மாதத்தில் சிறு நன்மை அளிப்பதுபோல் தோன்றினும் மூன்று மாதத்தில் அதுவும் காணாமற்போயிற்று. அதனோடு சோதிக்கப்பெற்ற பென்டாக்சிஃபில்லின் என்னும் மருந்து பயன் தரவேயில்லை.

புதிய வழிகளும் தேடப்படுகின்றன. மது குடலின் சுவரைத் தளர்த்திவிடுவதால், குடற்கிருமிகளின் நஞ்சு ஈரலுக்குள் கசிந்து அழற்சியை மூட்டுகிறது என்பது தெரிந்தபின், ஆராய்ச்சியாளரின் பார்வை குடலின் பக்கம் திரும்பியது. தில்லியிலுள்ள கல்லீரல் பித்தநீர் அறிவியல் நிறுவனத்தில், ஸ்டீராய்டு கொடுக்க இயலாத நிலையிலிருந்த 8 நோயாளிகளுக்கு, நலமுள்ளவரின் மலத்திலிருந்து பிரித்த நற்கிருமிகளைக் குடலில் செலுத்தினர். முகம் சுளிக்க வேண்டா. ஓராண்டுக்குப் பின் அவர்களில் 7 பேர் உயிரோடிருந்தனர் என்று 2017-இல் எழுதினர். எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதனை வைத்து முடிவு கட்டலாகாது. நஞ்சு சுரக்கும் ஒரு குடற்கிருமியை மட்டும் தேடி உண்ணும் நச்சுயிரியைக் கொண்டு, எலிகளின் ஈரலைக் காத்ததாக 2019-இல் மற்றொரு செய்தி வந்தது. மேற்சொன்ன மரபணுவின் குரலை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. மருந்துகளும் சோதனைச் சாலையிலிருந்து மனிதரிடம் சோதிக்கும் நிலைக்கு வந்துள்ளன. இவற்றுள் எதுவும் நம் தெருமுனை மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. வந்தாலும், குடித்துக்கொண்டே விழுங்கத்தக்க மாத்திரையாக அஃது இருக்கும் என்று நாம் நம்பவில்லை.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாவிடில் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். ஊரிலிருந்து வரும் பாட்டிமார் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கும் மூலிகை அது. அதனை ஏளனம் செய்வது தகாது. அறிவியல் முறையில் அதனைச் சோதித்த பெருமையும் தமிழகத்துக்கே உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் அவர்களும் துணைவர்களும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டு நோபெல் பரிசு பெற்ற பிளம்பர்க் அவர்களோடு சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வைரஸை உடலில் தாங்கியிருந்தோருக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அப்பயன் கிட்டவில்லை. இங்கே நாம் வற்புறுத்துவது வேறு: அச்சோதனை வைரஸைப் பற்றியது, மதுவைப் பற்றியதன்று. காமாலை என்பது ஓர் அடையாளமே. அதன் காரணங்கள் பல. குடியால் வந்த காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்து, 'கண் தெளிந்துவிட்டது' என்று மீண்டும் கடைக்கு அனுப்பிய வீடுகள் உண்டு.

ஆக, இந்நாள்வரை ஐயமின்றிப் பயன் தருவது ஒன்றே: குடியை அறவே நிறுத்துதல். இறுக்கம் வந்தவருக்கும் அஃது ஆயுளை நீட்டிக்கிறது. இதனைக் கேட்டதும், 'இன்றே நிறுத்து' என்று புட்டியைப் பிடுங்கி உடைக்கும் இல்லத்தரசியர்க்கு ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். அதன்பின் இல்லாதவை கண்முன் தோன்றி, சித்தம் கலங்கி, உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே, மருத்துவரின் கண்காணிப்பில், தயமின் ஊட்டமும் உரிய மருந்தும் கொடுத்தே நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் எழும் வேட்கையை அடக்கவும் மருந்து உண்டு. ஈரல் இறுகியவர்களுக்குப் பாக்லோஃபென் என்னும் மருந்து கொடுத்து இத்தாலியில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்ற 42 பேரில் 30 பேர் குடியை விட்டிருந்தனர்; வெறும் மாத்திரை பெற்ற 42 பேரில் 12 பேரே விட்டனர்.

எல்லாம் கைமீறியபின் எஞ்சுவது மாற்று ஈரல். முன்பெல்லாம் ஆறு திங்கள் குடியாதிருந்தவர்க்கே அதனை அளிப்பது என்னும் நியதி பல இடங்களில் இருந்தது. மருந்துக்கு இணங்காத கடும் அழற்சியுற்ற 26 பேருக்கு, அவ்வாறு காத்திராமல் மாற்று ஈரல் பொருத்தியதில், ஆறு திங்களுக்குப் பின் நூற்றுக்கு 77 வீதம் உயிரோடிருந்தனர் என்றும், பொருத்தப்பெறாதோரில் 23 வீதமே எஞ்சினர் என்றும் பிரான்ஸ், பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள் 2011-இல் அறிவித்தனர். நம் நாட்டிலோ மாற்று ஈரல் பெரும்பாலும் உயிரோடிருக்கும் உறவினரிடமிருந்தே வருகிறது. மனைவியோ மகனோ வயிற்றைக் கிழித்துத் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தர வேண்டும். தந்தவரின் ஈரல் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது இயற்கையின் அருள். செலவு இலட்சக்கணக்கில் ஆகும் என்பதையும், ஊரில் உள்ள காணியை விற்ற குடும்பங்கள் உண்டு என்பதையும் நாம் அறிவோம்.

குடிநோயைக் குடும்பத்தின் மானக்கேடாக எண்ணாது, நோயாகவே எண்ணிய ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். சென்னையில் பெயர்பெற்ற டி. டி. கே. குடும்பத்தின் மருமகளாகிய சாந்தி ரங்கநாதன் அவர்கள், தம் கணவரை இளவயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தார். அத்துயரை மூடி மறையாமல், 1980-இல் அவர் பெயராலேயே டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். குடிப்பவருக்கு மட்டுமன்றி, அவருடன் வாழ்ந்து நலிந்த மனைவி மக்களுக்கும் அங்கே ஆறுதலும் பயிற்சியும் அளிக்கின்றனர். அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெங்களூரில் உள்ளோர் சென்னைக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் நிறுவனத்தில் குடிநோய் மருத்துவத்திற்கென்றே தனிப் பிரிவு இயங்கி வருகிறது. குடியை விட்டவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ. ஏ. கூட்டங்களும் இந்நகரில் நடைபெறுகின்றன; அங்கே முழுப் பெயரைக்கூடக் கேட்பதில்லை. நேரில் செல்லத் தயங்குவோர், இல்லத்தரசியர் உட்பட, 14416 என்னும் எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி உதவியை நாடலாம். 2022 அக்டோபர் திங்களில் தொடங்கப்பெற்ற இவ்வுதவிக்கு நிமான்ஸ் நிறுவனமே நாடு முழுவதற்கும் தலைமை மையம். கட்டணம் இல்லை, இரவும் பகலும் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவதாகத் தெரிவித்தால் தமிழிலேயே பேசுவர்.